பத்தடித் தூரம்

மலேசியாவில் பீடோருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் விதையில்லாக் கொய்யாவுக்கும் வாத்து மீக்கும்தான் பழைய சாலையில் வண்டியை ஓரம் கட்டுவார்கள். எனக்கு அங்கே அத்தை வீடு. சென்ற தீபாவளிக்கு அவருடைய மகன்கள் சேர்ந்து 43 அங்குல டீவி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

“புது டீவி சரியில்லடா,” என்றார் அத்தை, நான் செருப்பைக் கழற்றுவதற்குள். “பழையதுல எல்லார் மூஞ்சியும் லட்சணமா தெரிஞ்சுச்சு. இதுல பாரு, அம்மை போட்ட மாதிரி கட்டம் கட்டமா.”

போட்டுக் காட்டினார். இருபது வருடப் பழைய விசிடி, மழையில் ஆடும் பாட்டு. சாரல் விழும் வரை பரவாயில்லை. மழை வலுத்ததும் கதாநாயகி, குடை, பின்னால் ஆடுகிற இருபது பேர் எல்லாரும் சதுரச் சதுரமாக உதிர்ந்து, பாட்டு முடிந்த பிறகுதான் மறுபடி மனிதர்கள் ஆனார்கள். மூத்த மகன் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டானாம்: டீவி நன்றாகத்தான் இருக்கிறது, வட்டுகளைத் தூக்கிப் போடு, இனிமேல் ப்ளூரே, இல்லாவிட்டால் நெட்டில் 4கே. அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. “டேப்பு வாங்கினேன், விசிடி வாங்கினேன், டிவிடி வாங்கினேன். ஒரே படத்துக்கு எத்தன தடவதான்டா காசு குடுக்குறது?”

இதற்குக் கடைக்காரரிடம் பதில் கேட்கக் கூடாது. அத்தையின் தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். அவர் சாய்ந்து உட்காரும் பிரம்பு நாற்காலியின் தலைமாட்டிலிருந்து டீவி வரை அளந்தால் பத்தடி, ஒரு சாண் முன்னே பின்னே. தோட்டத்து லயத்தில் இருந்தபோதும் கூடம் இவ்வளவுதான் என்றார். வீடு மாறியிருக்கிறது, டீவி நான்கு முறை மாறியிருக்கிறது, நாற்காலிக்கும் படத்துக்கும் நடுவே உள்ள தூரம் மாறவில்லை.

அந்தப் பத்தடியில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையில் 6/6 என்ற வரியைப் படித்துவிட்டால், நம் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறிகிறது என்று பொருள். அதைவிட நெருக்கமாக இரண்டு புள்ளிகள் இருந்தால் அவை ஒன்றாக ஒட்டிவிடும். பத்தடித் தூரத்தில் இந்த எல்லை சுமார் 0.9 மில்லிமீட்டர், ஒரு ரவைத் துணுக்கு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இளசுகளில் சிலருக்கு இதைவிடக் கூர்மையான கண் இருக்கும். அத்தைக்கு வயது அறுபத்தெட்டு, ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறார். அவருக்கு 0.9 என்று கணக்குப் போடுவதே தாராளம்.

பழைய டீவியை எடுத்துக்கொள்வோம். 21 அங்குலக் குழாய் டீவி, படம் தெரியும் பகுதியின் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். விசிடியில் மேலிருந்து கீழ் வரை 288 வரிசைகள். வகுத்துப் பார்த்தால் ஒரு வரிசைக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கண்ணின் எல்லை 0.9. கிட்டத்தட்ட சரிக்குச் சரி! போதாததற்கு, குழாய் டீவியில் மின்னணுக் கற்றை வரைகிற புள்ளிக்குக் கூர்மையான ஓரம் கிடையாது. ஈரத்துணியில் விழுந்த மை போலப் பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடும். விசிடியின் சதுரங்களை அந்தக் கசிவு பாதி மறைத்தது. 1993-இல் பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிட்டா, ஜேவிசி சேர்ந்து விசிடிக்கு இலக்கணம் வகுத்தபோது பீடோரின் கூடத்தை அளந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அளந்து தைத்த சட்டை மாதிரிதான் அது இங்கே பொருந்தியது.

மேற்கு நாடுகள் விசிடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, டேப்பிலிருந்து நேரே டிவிடிக்குத் தாவின. நம் பக்கம் அதுதான் ராஜா. ஈப்போவிலோ தாப்பாவிலோ இரவுச் சந்தைக்குப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும். தமிழ்ப் படத்துக்கு இரண்டோ மூன்றோ வேண்டும். இடைவேளை எங்கே வரவேண்டும் என்பதை இயக்குநரோடு சேர்ந்து வட்டும் முடிவு செய்தது. கதாநாயகன் கத்தியை ஓங்கும்போது படம் நின்று, யாராவது ஒருவர் எழுந்து போய் அடுத்த வட்டைப் போடுவார். அந்த ஒருவர் எப்போதும் வீட்டின் கடைக்குட்டி.

இப்போது சுவரில் தொங்கும் 43 அங்குலத்துக்கு வருவோம். அதன் உயரம் 53 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதே 288 வரிசைகளை அதன்மேல் இழுத்துப் பரப்பினால் ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டர், கண்ணின் எல்லையைப் போல இரண்டு மடங்கு. சினிமாஸ்கோப் படமென்றால் இன்னும் மோசம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை போனது போக, விசிடியில் படத்துக்கென்று மிஞ்சுவது 163 வரிசைதான். அதைத் திரையின் அகலம் முழுக்க நிரப்பினால் ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டர். விசிடியில் மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் புள்ளி. 4கே திரையில் 83 லட்சம். வட்டிலிருந்து வரும் ஒரு புள்ளியை வைத்து டீவி 82 புள்ளிகளை ஒப்பேற்ற வேண்டும். டீவிக்குள் இருக்கும் சில்லு பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. ஊகம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் ஊகம்தான். அத்தையின் புகாரில் பாதி உண்மை இருந்தது: வட்டு அப்படியேதான் இருக்கிறது, திரை வளர்ந்துவிட்டது.

டிவிடியில் 576 வரிசை. 43 அங்குலத் திரையில் ஒன்றுக்கு 0.93 மில்லிமீட்டர். பத்தடியில் கண்ணின் எல்லையைத் தொட்டுவிட்டது! ப்ளூரேயில் 1080 வரிசை, ஒன்றுக்கு அரை மில்லிமீட்டர். 4கே வட்டில் 2160, கால் மில்லிமீட்டர். டிவிடிக்கும் ப்ளூரேக்கும் வித்தியாசம் தெரியவேண்டுமானால் அத்தை நாற்காலியை முன்னால் இழுக்க வேண்டும். ப்ளூரேயை முழுதாக அனுபவிக்க ஐந்தரை அடி, 4கே என்றால் மூன்றடிக்குள். மூன்றடியில் உட்கார்ந்து டீவி பார்த்த பிள்ளைகளை இதே அத்தை ஈர்க்குமாற்றால் விரட்டியிருக்கிறார். சரி, பெரிய டீவி வாங்கினால்? 65 அங்குலம் வாங்கினாலும் பத்தடியில் ப்ளூரேயின் வரிசை 0.75 மில்லிமீட்டர்தான். 4கேயின் கூடுதல் புள்ளிகள் அந்தக் கூடத்தில் கண்ணுக்கு எட்டாது.

வரிசைக் கணக்கு மட்டும் போதுமா என்றால், போதாது. 4கே வட்டுகள் பலவற்றில் ஒளியின் வீச்சும் படிநிலைகளும் கூடியிருக்கின்றன. பழைய வட்டுகளில் ஒரு நிறத்துக்கு 256 படி, இவற்றில் 1024. இருட்டுப் பிரகாரத்தில் ஒற்றை விளக்கு எரிகிற காட்சியில் சுடரும் வெளுத்துப் போகாமல் தூணும் கரியாகாமல் இரண்டும் தெரிவது இதனால்தான். இந்த வித்தியாசத்துக்குத் தூரக் கணக்கு கிடையாது, பத்தடியிலும் தெரியும், டீவி அந்த ஒளியைக் காட்டக்கூடியதாக இருந்தால். விலை குறைந்த டீவிகள் பல இந்த வசதியைப் பெட்டியின் மேல் அச்சடிக்கின்றன, திரையில் காட்டுவதில்லை. மாற வேண்டுமா என்று என்னைக் கேட்டால் புள்ளிக்காக மாறாதீர்கள், வெளிச்சத்துக்காக வேண்டுமானால் யோசியுங்கள் என்பேன்.

அத்தையின் அலமாரியில் டிவிடிகளும் இருந்தன. ஒன்றின் உறையில் மூன்று படத்தின் பெயர். ஒரு வட்டில் மூன்று படம் என்றால் லாபம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு கதை. ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். படத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று மூன்று படத்துக்கு 27,000 நொடி. பிரித்துக் கொடுத்தால் ஒரு நொடிக்கு 1.4 மெகாபிட்தான் கிடைக்கிறது. அதிலும் ஒலிக்குப் பங்கு உண்டு. விசிடி ஒரு நொடியின் காட்சிக்குச் செலவழிப்பது 1.15 மெகாபிட். அதாவது மூன்று படத்தை ஓரடுக்கில் திணித்த டிவிடி, டிவிடிச் சட்டை போட்ட விசிடி. ஒழுங்காகச் செய்த டிவிடி நொடிக்கு நான்கு, ஐந்து, தேவைப்பட்டால் ஒன்பது மெகாபிட் வரை செலவழிக்கும்.

இந்தச் செலவு எங்கே போகிறது? படத்தை அப்படியே பதிந்தால் எந்த வட்டும் தாங்காது. எட்டுக்கு எட்டுப் புள்ளியாகச் சதுரங்களாய்ப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறார்கள். அடுத்த சட்டத்தில் (ஃப்ரேமில்) எது நகர்ந்தது என்பதை மட்டும் எழுதுகிறார்கள். நாயகி ஜன்னலோரம் நின்று கண்ணீர் விட்டால் செலவே இல்லை: சுவர் அதே சுவர், ஜன்னல் அதே ஜன்னல். மழை பெய்தால் திரையில் ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு சட்டத்திலும் புதிது. பிட் பற்றாமல் நுணுக்கங்கள் கண்மண் தெரியாமல் வெட்டப்படும், சதுரங்கள் பல்லை இளிக்கும். மழை, அருவி, தீ, பூமாரி, கூட்டம்: சுருக்க முறைகளின் ஜென்ம விரோதிகள் இவை. தமிழ்ப் படப் பாட்டுக்கு இவை இல்லாமல் பொழுது போகாது.

நெட்டில் ஓடுகிற 4கேயும் இந்த விதிக்கு உட்பட்டதுதான். 4கே வட்டு நொடிக்கு நூறு மெகாபிட்டைத் தாண்டவும் கூடும். நெட்டில் வருவது பெரும்பாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. புதிய சுருக்க முறை பழையதைவிடச் சாமர்த்தியமானது என்பதால் தப்பிக்கிறது. உறையில் எழுதியிருக்கும் பெயரை விட நொடிக்கு எத்தனை பிட் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அதை எந்த உறையிலும் எழுதுவதில்லை.

வட்டு எவ்வளவு உசத்தியானாலும் அதில் ஊற்றுகிற சரக்கு முக்கியம். 1964-இல் பி. ஆர். பந்துலு எடுத்த ‘கர்ணன்’ 35 மில்லிமீட்டர் வண்ணச் சுருளில் படமானது. நல்ல நிலையில் உள்ள மூலச் சுருளில் ப்ளூரேயை மிஞ்சும் நுணுக்கம் படிந்திருக்கும். 2012-இல் அதை எண்ம முறையில் புதுப்பித்துத் திரையரங்குக்குக் கொண்டுவந்தபோது, வட்டிலும் டீவியிலும் மட்டுமே பார்த்திருந்த தலைமுறை வரிசையில் நின்றது. ஆனால் 2000-க்குப் பிறகு வந்த பல படங்கள், கணினியில் நிறம் திருத்தி முடிக்கும்போது 2000 புள்ளி அகலத்திலேயே முடிக்கப்பட்டவை. அவற்றை 4கே வட்டில் போட்டாலும் உள்ளே இருப்பது ப்ளூரே அளவுதான். தாத்தா காலத்துப் படத்துக்கு 4கே பொருந்தும், பேரன் காலத்துப் படத்துக்குப் பொருந்தாமல் போகலாம். இது பலருக்குத் தலைகீழாகப் படும். பழைய படமென்றாலும், தேய்ந்த திரையரங்குப் பிரதியிலிருந்து எடுத்ததென்றால் கீறல்கள்தான் துல்லியமாகத் தெரியும்.

வட்டுக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு நாய்களைச் சொல்லாமல் விட மனமில்லை. லக்கி, ஃப்ளோ என்று இரண்டு கறுப்பு லாப்ரடோர்கள் 2007-இல் மலேசியாவுக்கு வந்தன. வட்டுகள் செய்யப் பயன்படும் பாலிகார்பனேட்டின் வாசனையை மோப்பம் பிடிக்கப் பழக்கப்பட்டவை. அடைத்து வைத்த கள்ள வட்டுகளை மூட்டை மூட்டையாகக் காட்டிக் கொடுத்ததில், அவற்றின் தலைக்கு விலை வைத்திருப்பதாகச் செய்தி வந்து பாதுகாப்புப் போட வேண்டியதாயிற்று. அசல் வட்டுக்கும் கள்ள வட்டுக்கும் வாசனை ஒன்றுதான் என்பதால், எது எது என்று பிரிப்பது மட்டும் மனிதர்கள் வேலை.

இவ்வளவையும் சொல்லி, மழைப் பாட்டுக்கு நல்ல டிவிடி ஒன்று போதும், ப்ளூரே வேண்டாம் என்று முடித்தேன். அத்தைக்குத் திருப்தி. கோப்பியைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். “அப்ப இத என்ன பண்றது?”

உள்ளே ஐந்து வீடியோ டேப்புகள். எல்லாம் வீட்டுச் சரக்கு: இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு சடங்கு, 1991-ஆம் வருடத் தோட்டத்துத் தீமிதி. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், பிறகு லயத்தை இடித்தார்கள், கோயிலை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கு, ஆல்பத்தில் உள்ள நாலைந்து படத்தை விட்டால் சாட்சி இந்த டின்தான்.

கடைப் படத்துக்குப் போட்ட கணக்கு இங்கே செல்லாது. கடைப் படத்தின் மூலச் சுருள் எங்கேயோ இருக்கிறது. இன்று வாங்காவிட்டால் நாளை வாங்கலாம். இந்த டின்னில் இருப்பதே மூலம்.

ஒரு டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுருளின் விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது, பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் டேப்பின் மேல் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை மெல்ல மெல்ல நீரை உறிஞ்சிச் சிதைகிறது. பூஞ்சைக்கு அது விருந்து. அப்படியே ஓட்டினால் என்ன ஆகும் என்பது, உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் புரியும். டேப்பு நகர்வது நொடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான், எறும்பு ஊர்வது போல. படத்தை எழுத அந்த வேகம் போதாது. அதனால் விளிம்பில் காந்த முனைகள் பதித்த ஓர் உருளையைச் சாய்வாக வைத்து, நிமிடத்துக்கு 1500 சுற்று சுழற்றுகிறார்கள். முனைக்கும் டேப்புக்கும் இடையே உள்ள வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டராகிவிடும். அந்த வேகத்தில் பூஞ்சைத் துணுக்கு ஒன்று சிக்கினால் டேப்பும் கிழியும், முனையும் அடைபடும், அடுத்து ஓட்டுகிற நல்ல டேப்புக்கும் ஒட்டிக்கொள்ளும். முதலில் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் உலர்த்தி, துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். டேப்பு ஓட்டும் வீடியோ பெட்டி கிடைப்பதும் குதிரைக் கொம்பு. உலகில் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

“பெரியவன் கல்யாண டேப்பு மட்டும் இதுல இல்ல,” என்றார் அத்தை. “அத அப்பவே விசிடியா மாத்திட்டேன். கடைக்காரரு டேப்பு இனி எதுக்குன்னாரு. தூக்கிப் போட்டேன்.”

அதைக் கேட்டபோது கோப்பி கசந்தது. டேப்பிலிருந்து விசிடிக்குப் போவதை அந்தக் காலத்தில் எல்லாரும் முன்னேற்றம் என்றுதான் நினைத்தோம், நானும் நினைத்தேன். கடைப் படத்துக்கு ஒருவேளை சரி. பிரதிக்குப் பிரதி எடுத்து நாலாம் தலைமுறையாக வந்து சேர்ந்த டேப்பை விட விசிடி பளிச்சென்று இருந்தது. நம் கேமராவில் நேரடியாகப் பதிந்த டேப்பு அப்படியில்லை. அதில் இடமிருந்து வலமாக நுணுக்கம் குறைவு. நிறம் அதைவிடக் குறைவு, கூறைப்புடவையின் சிவப்பு ஓரம் தாண்டி வழிந்திருக்கும். ஆனால் மேலிருந்து கீழே 576 வரிசை உண்டு, நொடிக்கு 50 அரைச் சட்டங்கள் உண்டு. விசிடி அதில் பாதி வரிசையையும் பாதி அசைவையும் கழித்துவிடுகிறது. மீதியையும் சதுரமாக வெட்டுகிறது. மேளதாளத்தோடு மஞ்சள் அரிசி தூவுகிற நேரத்தில், அதாவது தாலி கட்டும் நொடியில்தான், சதுரங்கள் தலைவிரித்தாடும். அதை எழுதியதும் கடையில் சுட்ட சாய வட்டு. அச்சுக்கூட வட்டின் அலுமினியத்தைப் போல உழைக்காது, வெயிலும் சூடும் சாயத்தை வெளுக்கும். அத்தை அந்த வட்டைக் கொண்டுவந்தார். பத்து நிமிடம் ஓடி, நலங்கில் நின்றுவிட்டது.

மீதி ஐந்தையும் நான் ஈப்போவுக்கு எடுத்து வந்தேன். உலர்த்தவும் துடைக்கவும் ஒரு மாதம் போனது. 576 வரிசையும் 50 அரைச் சட்டமும் குறையாமல், மணிக்கு 13 ஜிகாபைட் என்று கஞ்சத்தனம் பார்க்காமல் கணினியில் ஏற்றினேன். ஒரு பிரதி அத்தை வீட்டில், ஒன்று என்னிடம், ஒன்று கோலாலம்பூரில். டேப்புகளைத் தூக்கிப் போடவில்லை.

தீமிதியை அத்தை வீட்டுப் புது டீவியில் போட்டோம். அவர் பிரம்பு நாற்காலியில், நான் தரையில். பத்தடி. பால் மரங்களுக்கு நடுவே கோயில், தண்ணீர்த் தொட்டி, உடுக்கைச் சத்தம், பூக்குழி ஓரமாக நூறு நூற்றைம்பது பேர். புகையும் தணலுமாகத் திரை நிறைந்தபோதும் சதுரம் எதுவும் உடையவில்லை. நாலைந்து நிமிடம் கழித்துக் கேமரா மெல்லத் திரும்பிக் கூட்டத்தைக் காட்டியது.

“நிறுத்து, நிறுத்து!”

நிறுத்தினேன். அத்தை எழுந்து டீவிக்கு அருகே போனார். பத்தடி ஐந்தடியானது, ஒரு முழமானது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு முகத்தின் மேல் விரலை வைத்தார். மாமா. அந்த வருடம் ஐப்பசியில் இறந்துபோனார். திரையில் அந்த முகத்துக்கு மேலிருந்து கீழே நாற்பது வரிசை இருக்கும். விசிடியாக மாற்றியிருந்தால் இருபது. அந்த முழத் தூரத்தில் 4கேயே போதாது.

“இன்னும் கொஞ்சம் தெளிவா தெரியாதாடா?” என்று திரும்பாமலே கேட்டார்.